கோப்பைக் கணக்கில் வராத கோச்

கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு 1898 முதல் 1907 வரை கோச்சாக இருந்தார். வென்றது 55 ஆட்டம், தோற்றது 60. அந்தப் பல்கலைக்கழகத்தின் நெடிய வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி மிஞ்சிய கோச் அவர் ஒருவர்தான். ஆனால் அவரிடம் ஆடிப் பழகிய ஃபாக் ஆலன் அதே கான்சாஸில் 39 பருவங்கள் கோச்சாக இருந்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்வதற்கு முன்னின்று உழைத்தார். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கியிலும், டீன் ஸ்மித் வட கரோலினாவிலும் ஆளுக்கு எண்ணூறு ஆட்டங்களுக்கு மேல் வென்று காட்டினார்கள். வென்ற ஆட்டங்களை எண்ணினால் நெய்ஸ்மித் தோற்றவர். அவருக்குப் பின்னால் யார் யார் கற்றுக்கொடுக்க வந்தார்கள் என்று எண்ணினால் அவருக்கு ஈடு சொல்ல ஆளில்லை. ஒரு கோச்சை அளக்க இந்த இரண்டாவது கணக்கே சரி என்பது என் கட்சி. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் போன்ற சிறிய ஊர்களுக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இதற்கான சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. பென்சில்வேனியாவில் 1884இல் பிறந்த ஹாரி குரோ பக், நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் பீச் பழக்கூடையை உடற்பயிற்சிக்கூட மாடத்தில் மாட்டிய அதே ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவர். 1919இல் மதராஸ் வந்தார். மறு ஆண்டே விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களை வைத்துக்கொண்டு உடற்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். 1943இல் மதராஸிலேயே கண்மூடும்வரை அதன் முதல்வர் அவரே. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராகவும் போனார். அந்த அணி பதக்கம் எதுவும் கொண்டுவரவில்லை. பக் ஒரே ஆட்டத்தின் கோச்சும் அல்ல, ஓர் அணியைக் கட்டி மேய்த்தவரும் அல்ல. ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுக்கும் ஆட்களை உருவாக்கியவர். இருபத்து மூன்று ஆண்டுகள் இதைச் செய்தார். முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1934இல் டெல்லியில் நடந்தபோது, ஆட்டத்தைச் சொல்லித்தரத் தெரிந்த வாத்தியார்கள் இந்நாட்டில் இருந்ததற்கு அவரைப் போன்றவர்களின் உழைப்பு முக்கியக் காரணம்.

அப்படிக் கற்றுக்கொடுக்கும் ஆளாக உருவாக, சாத்தான்குளத்துப் பிள்ளை உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். படிக்க இன்று சென்னைவரை போகவேண்டியதில்லை. கிழக்கே திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. ஆட்டத்துக்கு வேண்டிய இடமும் பெரிதல்ல. கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நம் கணக்கில் சுமார் பத்தரை சென்ட். முழு அளவு கால்பந்து மைதானத்துக்கு ஒன்றேமுக்கால் ஏக்கர் வேண்டும். அந்தப் பக்கத்துத் தேரிச் செம்மணலில் பந்து எழும்பாது என்பதால் சிமெண்டுத் தளம் போட்டாக வேண்டும், செலவு அதுதான். தளத்தை ஒரு தடவை போட்டுவிடலாம். அங்கே தினமும் சாயங்காலம் நிற்க ஓர் ஆள் வேண்டும். பந்தை எந்த விரலால் தள்ளுவது, எந்தக் காலை ஊன்றித் திரும்புவது என்று சலிக்காமல் சொல்ல வேண்டும். தட்டுப்பாடு அந்த ஆளுக்குத்தான்.

கோப்பை இல்லாமல் பிள்ளைகள் எப்படி வருவார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரயில்வேயிலும் போலீஸிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை சான்றிதழைப் பார்த்துத்தான் கிடைக்கிறது. ஏழை வீட்டுக்கு அது சோற்றுப் பிரச்சினை. ஆனால் அந்தச் சான்றிதழுக்கும் நீண்ட கற்பித்தலே வழி. அமெரிக்கக் கல்லூரிக் கோச்சுகளில் புகழுக்கு எல்லையாகச் சொல்லப்படும் ஜான் வுடன், பள்ளியில் ஆங்கிலம் நடத்திய வாத்தியார். 1948இல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியை ஏற்றவர் முதல் தேசியப் பட்டத்தை 1964இல்தான் கண்டார். அதையும் சேர்த்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துப் பட்டம். மூன்றாம் ஆண்டிலேயே கோப்பை எங்கே என்று நிர்வாகம் கேட்டிருந்தால் வுடன் என்றொரு பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு மறுப்பு கனமானது. பக் வந்தது ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ அமைப்பின் பணியாளராக, வெள்ளையர் ஆட்சிக்காலத்தில். சடுகுடு இருந்த மண்ணில் அயலூர் ஆட்டத்தைக் கொண்டுவந்து நட்டார்கள் என்பார்கள். அந்த அமைப்புக்குச் சமய நோக்கம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆட்டம் அந்தச் சுவருக்குள் நிற்கவில்லை. எல்லாச் சமயப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிகளில் அதை ஆடுகிறார்கள். சடுகுடுவுக்கும் முறையாகச் சொல்லித்தரும் ஆள் தேவைதானே? அதற்கும் பி.டி. மாஸ்டர்தான் வேண்டும்.

ஆகையால் உடனே செய்யக்கூடியவை இரண்டு. மாவட்டப் போட்டியில் ஓர் அணி ஜெயித்தால், அந்தப் பிள்ளைகள் கையில் முதன்முதலில் பந்தைக் கொடுத்த பள்ளி ஆசிரியரின் பெயரும் சான்றிதழில் ஏற வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தாரை வார்க்கும் வழக்கத்தைத் தலைமையாசிரியர்கள் நிறுத்த வேண்டும்.