நிலாவுக்கு மட்டுமா வட்டம்?

"அகல் வட்டம் பகல் மழை" என்பார்கள் பெரியவர்கள். தவளக்குப்பத்தில் இரவு வாசலில் கட்டில் போட்டுப் படுத்தால், சில நாள் நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரியும். வெகு உயரத்தில் மிதக்கும் கோடானுகோடி பனித்துகள்கள் நிலவொளியை வளைப்பதால் உண்டாகும் வட்டம் அது.

அதே பனி, விஞ்ஞானிகள் எடுக்கும் எக்ஸ்ரே படத்திலும் வட்டம் போட்டுவிடுகிறது! அங்கே அது மழைக்கு அறிகுறி அல்ல. பல மாத உழைப்பு வீணாகலாம் என்பதற்கு அறிகுறி.

புள்ளியும் வட்டமும்

1912-ல் ஜெர்மனியில் லாவே என்ற விஞ்ஞானியின் யோசனைப்படி மயில்துத்தப் படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். படத்தில் புள்ளிகள் விழுந்தன. பாகூர் வயலில் கயிறு பிடித்து நட்ட நாற்றுப் போலப் படிகத்தில் அணுக்கள் வரிசையாக நிற்பதே காரணம்.

1916-ல் டிபை, ஷெரர் இருவரும் பொடியில் பாய்ச்சினார்கள். அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் இருக்கும் விதத்தை அறிவதே நோக்கம். எதிர்பாராமல் கூரிய வட்டக் கோடுகள் கிடைத்தன! பொடியின் துகள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்துக் கிடப்பதால், புள்ளிகள் எல்லாம் சேர்ந்து வட்டமாகிவிடுகின்றன.

பனியின் அடையாளம்

புரதப் படிகத்தில் தண்ணீர் அதிகம். எக்ஸ்ரே அதைச் சிதைத்துவிடும் என்பதால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 173 டிகிரிக் குளிரில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். தண்ணீர் கண்ணாடி போல உறைந்தால் மங்கலான அகல வளையம் மட்டும் தெரியும், பயமில்லை. பனிக்கட்டியாகிவிட்டால் கூரிய வட்டங்கள் வந்து, தேவையான புள்ளிகளை மறைத்துவிடும்.

வட்டத்தின் அளவிலிருந்து அணு அடுக்குகளின் இடைவெளியைக் கணக்கிடுவார்கள். 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம் என்று வந்தால் குற்றவாளி பனிக்கட்டியேதான்! (ஒரு சென்டிமீட்டரில் 10 கோடி ஆங்ஸ்ட்ராம்.) வேறு அளவு வந்தால் உப்பு போன்ற வேறு பொருளைத் தேட வேண்டும்.

பனி வெளியே படிந்திருந்தால் திரவ நைட்ரஜனை ஊற்றிக் கழுவலாம். உள்ளேயே உறைந்திருந்தால் கிளிசரினைக் கூட்டி, வேறு படிகத்தில் மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இப்படிக் குளிரில் வைத்து ஆராயும் முறையை ரைபோசோம் படிகத்துக்குக் கையாண்டு வழிகாட்டியவர் இஸ்ரேலிய அம்மையார் அடா யோனாத். அவரோடும் அமெரிக்கர் ஸ்டைட்ஸோடும் 2009-ல் நோபல் பரிசைப் பகிர்ந்தவர் யார் தெரியுமா? தவளக்குப்பத்திலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே போனால் வரும் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்தான்!