தண்ணீரின் மேல்தோலை ஒளியால் படிக்கலாம், தெரியுமா?

ஒரு சொட்டுத் தண்ணீரில் எத்தனை மூலக்கூறுகள் தெரியுமா? ஒன்றுக்குப் பின்னால் 21 பூஜ்யம் போடுங்கள், அதையும் தாண்டும்! அவற்றில் காற்றைத் தொட்டபடி மேலே இருப்பவை பல லட்சத்தில் ஒன்றுதான். அந்த ஒற்றை அடுக்கை மட்டும் தனியாகப் படிக்க முடியுமா? முடியும்! கருவி? லேசர் ஒளி!

சிவப்பு உள்ளே போய்ப் புற ஊதா வெளியே வருமா? வந்ததே! 1961-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர், 694 நானோமீட்டர் ரூபி லேசரைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் பாய்ச்சினார்கள். மறுபக்கம் 347 நானோமீட்டர் ஒளியும் வந்தது. அலைநீளம் சரிபாதி! லேசர் பிறந்தே ஓராண்டுதான் ஆகியிருந்தது. இன்னொன்று கேளுங்கள்: அதற்குச் சாட்சியான சின்னஞ்சிறு புள்ளியை, ஆய்வுக் கட்டுரை அச்சேறும்போது தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்கள்! அந்தப் பக்கத்தில் அம்புக்குறி இன்றும் வெற்றிடத்தைத்தான் காட்டுகிறது!

தண்ணீர்ப் பரப்பிலும் இதுபோன்ற ஒளி மாற்றம் நடக்கும்! பச்சையும் அகச்சிவப்பும் சேர்ந்தால்? நீலம்! 532 நானோமீட்டர் பச்சை லேசரும், கண்ணுக்கே தெரியாத 2,700 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரும் தண்ணீர்ப் பரப்பில் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அங்கிருந்து சுமார் 444 நானோமீட்டரில் புத்தம்புது ஒளி கிளம்புகிறது! பச்சை ஒளி தண்ணீருக்குள் ஆழமாக இறங்கத்தான் செய்கிறது. ஆனாலும் உள்ளிருந்து பதிலே இல்லை! ஏன்? உள்ளே மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் திரும்பி நிற்பதால் ஒன்றின் பதிலை இன்னொன்று அடித்துவிடுகிறது. மேலே காற்று, கீழே நீர் என்று இரு பக்கமும் வேறாக இருக்கும் விளிம்பு மட்டுமே பேசுகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

அந்த விளிம்பு என்ன சொன்னது? 1993-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஒய்.ஆர். ஷென் குழு கேட்டது: மேல் அடுக்கு மூலக்கூறுகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல், ஒரு ஹைட்ரஜன் கையைக் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன! (ஷென்னின் குரு யார் தெரியுமா? லேசரால் இப்படிப் புது ஒளி உண்டாக்கும் துறைக்கு அடித்தளமிட்டு 1981-ல் நோபல் பரிசு பெற்ற நிக்கோலாஸ் புளூம்பர்கன்!)

தண்ணீர் ஓடினாலே கல்லின் மேற்பரப்பு வேதியியல் மாறுமா? ஃப்ளோரைட் கல்லில் மாறுகிறது! ஓட்டம் நின்றால் பழையபடி! இதே ஒளி முறையால் கிடைத்து 2014-ல் வெளியான முடிவு இது.

ஐஸ் 0 டிகிரியில்தான் உருகத் தொடங்குமா? இல்லவே இல்லை! மைனஸ் 73 டிகிரியை ஒட்டியே அதன் மேற்பரப்பு ஒழுங்கு குலையத் தொடங்குவதை 2001-ல் இதே முறையில் ஷென் குழு கண்டது. 2017-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். மைனஸ் 38 டிகிரியிலேயே உச்சியில் உள்ள இரட்டை அடுக்கு இளகிவிட்டிருந்தது; மைனஸ் 16-ஐ ஒட்டி அடுத்த இரட்டை அடுக்கும் இளகியது! வீட்டு ஃப்ரீசரின் குளிர் எவ்வளவு? சுமார் மைனஸ் 18! அப்படியானால் அங்கே கல்போல இருக்கும் ஐஸ் கட்டியின் மேலேயும் நீர் போன்ற மெல்லிய படலம் இருக்கிறது!