விலை கொடுக்காமலே படம் திருத்தலாம்

கோயில் திருவிழா அறிவிப்பு, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிப் பதாகை, மறைந்த தாத்தாவின் மங்கிய படம் – சுங்கைப் பட்டாணி, கூலிம் கடைகளுக்கு நம்மவர் கொண்டுபோகும் வேலைகள் பெரும்பாலும் இவைதாம். இவற்றுக்குப் போட்டோஷாப் ஒன்றே கதி என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள்.

1990-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட அம்மென்பொருளின் தரத்தில் ஐயமில்லை. முன்பு ஒருமுறை வாங்கினால் போதும். 2013-இல் புதிய பதிப்புகள் சந்தா முறைக்கு மாறின. பணம் நின்றால் கருவியும் நின்றுவிடும்! எப்போதாவது நான்கு படம் திருத்தும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகுமா? உடனே சிலர் கள்ளப் பிரதியைத் தேடுகிறார்கள். திருட்டுச் சரக்கோடு வைரசும் வீடு வந்து சேர்கிறது.

'கிம்ப்' என்றொரு மென்பொருள் உண்டு. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிசும் 1995-இல் தொடங்கியது. காசு வேண்டாம். பால்வெட்டிய பாட்டியின் பழைய படத்தில் கீறலா? 'குளோன்' கருவி பக்கத்திலுள்ள நல்ல பகுதியை எடுத்துக் கீறலின்மேல் ஒற்றிவிடும். முகத்தருகே மட்டும் சிறிய தூரிகையால், பொறுமையாகச் செய்யவேண்டும். அவசரப்பட்டால் பாட்டி வேறு யாரோ ஆகிவிடுவார்! ஸ்கேன் செய்த மூலப் படத்தைத் தொடாமல் நகலில்தான் கைவைக்க வேண்டும்.

இதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்பாருக்கு ஒரு செய்தி. கேரளத்தின் 'ஜனயுகம்' நாளேடு 2019-இல் தன் பக்க வடிவமைப்பு முழுவதையும் கிம்ப், ஸ்கிரைபஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கு மாற்றிக்கொண்டது. பழைய எழுத்துருக்களை விட்டு யூனிகோடுக்கும் வந்தது. நாள்தோறும் வரும் பத்திரிகைக்கே போதுமானது, ஆண்டுக்கொரு பள்ளி மலருக்குப் போதாதா?

தமிழுக்கும் இதில் நன்மை உண்டு. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். கிம்பில் அந்தத் தொல்லை இல்லை.

குறையும் சொல்லத்தான் வேண்டும். பட்டியல்களின் இடம் வேறு. பழகிய கை சில வாரம் தடுமாறும். அச்சகத்தின் நான்கு வண்ண முறையில் கிம்ப் சற்றுப் பலவீனம். பக்கத்தை ஸ்கிரைபசில் அமைத்துக் கொடுப்பதே நல்லது.

வடிவமைப்பைத் தொழிலாகக் கொள்ளப்போகும் பிள்ளைக்குப் போட்டோஷாப் தெரிந்திருப்பது நல்லதுதான். விளம்பர நிறுவனங்கள் அதைக் கேட்கும். அப்பிள்ளைகூட அடுக்கு, ஒளி, நிறம் ஆகிய அடிப்படைகளைக் கிம்பிலேயே பழகிவிட்டுப் போகலாம்.