கலா (இசைத்தொகுப்பு) – விமர்சன வரவேற்பு

கலா என்பது ஈழத்தமிழ் வம்சாவளிப் பிரித்தானியப் பாடகி எம்.ஐ.ஏ. (மாதங்கி அருள்பிரகாசம்) ஆகஸ்ட் 2007-இல் வெளியிட்ட இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். இது தாயின் பெயரைக் கொண்டது. முதல் தொகுப்பான அருளர் (2005) தந்தையின் பெயரைத் தாங்கியது.

அமெரிக்க விசாச் சிக்கலால் சென்னை, டிரினிடாட், லைபீரியா எனப் பல இடங்களில் பதிவானது. விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 100-க்கு 87 புள்ளிகள் பெற்றது. ரோலிங் ஸ்டோன் இதழ் அவ்வாண்டின் முதலிடத்தை அளித்தது.

விமர்சகர்கள் இதன் தாளக்கட்டைப் பெரிதும் பாராட்டினர். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ பாடல்களில் அதிர்வது தென்மாவட்டத் திருவிழாக்களில் கேட்கும் நம் உறுமி. ‘பாம்பூ பங்கா’வில் தளபதி (1991) படத்துக்கு இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாடலின் துணுக்கு இருப்பதும் தமிழ்க் காதுகளுக்கு உடனே பிடிபடும்.

‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலின் துப்பாக்கியொலி அமெரிக்கத் தொலைக்காட்சியில் மாற்றி ஒலிபரப்பப்பட்டது. குடியேறிகளைச் சந்தேகிப்போரைக் கேலிசெய்யும் அப்பாடல், 2009 கிராமி விருதில் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.