கோணும் முள்ளந்தண்டு

முள்ளந்தண்டு நேராக இருத்தல் வேண்டும் என்பது நம்மிற் பலரின் எண்ணம். அது பாதி உண்மையே. முதுகுப்புறத்தில் நின்று பார்க்கையில் அது தூண்போல் நேராகத் தோன்றவேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தாலோ, கழுத்தில் முன்னோக்கியும், நெஞ்சில் பின்னோக்கியும், இடுப்பில் மீண்டும் முன்னோக்கியும் வளைந்திருத்தல் வேண்டும். இவ்வளைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதனாலேயே தலையின் பாரம் இடுப்பென்பின்மேல் நிலைகொள்கிறது. நாமும் அதிக களைப்பின்றி நிற்கின்றோம்.

பத்து வயதுக்குப் பின், பிள்ளைகள் விரைந்து வளருங் காலத்தில், நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இவ்வொழுங்கு குலைகிறது. தண்டு பக்கவாட்டில் 10 பாகையோ அதற்கு மேலோ வளைந்தால் வைத்தியர்கள் அதனை 'ஸ்கோலியோசிஸ்' என்பர். எக்ஸ்ரே படத்தில் இக்கோணத்தை அளக்கும் முறையை 1948இல் வகுத்தவர் அமெரிக்க வைத்தியர் ஜோன் கொப். சிறு வளைவுகள் இருபாலாரிடமும் ஏறக்குறையச் சமமாகவே காணப்படும். 30 பாகையைத் தாண்டியவையோ பெண்பிள்ளைகளிடமே மிகுதி.

இது வெறும் பக்கச் சாய்வு அன்று. வளையும்போதே முள்ளென்புகள் கயிறு முறுக்கினாற்போலத் திரும்புகின்றன. விலா என்புகளும் கூடவே திரும்புவதால் முதுகின் ஒருபுறம் மேடிடுகிறது. மேட்டைக் கண்டதும் கூன் என்றே நாம் எண்ணுவோம். ஆனால் இப்பிள்ளைகளுட் பலரைப் பக்கத்திலிருந்து படம்பிடித்துச் சுகதேகிகளின் படத்தோடு ஒப்பிட்டால், நெஞ்சுப் பகுதியின் இயற்கையான பின்வளைவு குறைந்து தண்டு தட்டையாகி இருப்பது தெரியவரும். வெளியே கூன், உள்ளே அதற்கு நேர்மாறு! தண்டின் முன்பக்கம் பின்பக்கத்தினும் நீண்டுவிடுவதால் அது பக்கமாகத் திரும்புகிறது என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. மேலும் கீழும் எதிர்வளைவுகள் தோன்றித் தலையை இடுப்புக்கு நேரே நிறுத்திவிடுவதால், உடையணிந்த பிள்ளையிடம் குறை எளிதிற் புலப்படாது. பெரும்பாலும் வலியும் அதிகம் இராது.

காரணம்? பெரும்பாலானோரில் இன்னும் தெளிவாகவில்லை. குடும்ப வழியாக வருவதுண்டு. புத்தகப் பையின் பாரமோ, கோணி உட்காருவதோ இதனை உண்டாக்குவதில்லை. "நிமிர்ந்து நட" என்று அதட்டுவதால் வளைவு நிமிராது. பிள்ளையின் மனம் நோவதே மிச்சம்.

ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் அடம்ஸ் 1865இல் விவரித்த சோதனையைத் தாய்மார் வீட்டிலேயே செய்யலாம். பிள்ளை கால்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனியட்டும். பின்னின்று பார்க்கையில் முதுகின் ஒருபுறம் உயர்ந்திருந்தால் வைத்தியரிடம் காட்டுக. பெண்பிள்ளைகள் பூப்படைவதற்குச் சற்று முந்திய காலத்திலேயே வளர்ச்சி மிக விரைவு. வளைவு ஏறுவதும் அப்போதே. ஆகவே, பார்ப்போம் என்று ஓராண்டைக் கடத்துதல் தகாது.

வளரும் பிள்ளைகளிடம் 25 முதல் 40 பாகை வரையுள்ள வளைவுக்கு உடலை இறுகப் பற்றும் கவசம் அணிவிப்பர். 2013இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்றில், கவசம் அணிந்தோருள் 72 வீதத்தினரின் வளைவு 50 பாகையை எட்டாமலே வளர்ச்சி முடிந்தது. அணியாதோரில் அது 48 வீதமே. உடைக்குள்ளே நாளெல்லாம் கவசத்துடன் பள்ளிக்கூடம் செல்வது ஒரு சிறுமிக்கு இலகுவான காரியமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

45, 50 பாகையைக் கடந்தால் சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிப்பர். அமெரிக்கரான போல் ஹரிங்டன் உருக்குக் கோல் பொருத்தும் முறையை 1962இல் வெளியிட்டார். பக்க வளைவு நிமிர்ந்தது. ஆனால் கோல் இடுப்புவரை நீண்டவர்களிற் பலருக்கு அங்கிருந்த இயற்கை வளைவும் நிமிர்ந்துபோயிற்று. பிற்காலத்தில் அவர்கள் முன்சாய்ந்தே நிற்க நேர்ந்தது. இன்றைய சத்திரவைத்தியர்கள் கோலைப் பக்கத் தோற்றத்துக்கேற்ப முதலில் வளைத்துக்கொண்டே முள்ளந்தண்டிற் பொருத்துகின்றனர்.