மெட்ராஸ் டிராம்: ஒரே தண்டவாளம், வேறு வேறு கம்பெனிகள்

1895 மே 7 அன்று மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் இதுதான். கல்கத்தாவில் 1873-லேயே டிராம் வந்துவிட்டது. ஆனால் அதை இழுத்தவை குதிரைகள். அங்கே மின்சார டிராம் 1902-இல்தான் ஓடியது. ‘முதல் டிராம்’ பற்றிய குழப்பத்துக்கு இதுவே காரணம்.

தரைக்கு அடியில் மின்சாரம்
தொடக்கத்தில் தலைக்கு மேல் கம்பி இல்லை. சாலையில் நீண்ட குறுகிய பிளவு. அதன் அடியிலிருந்த குழியில் மின்கடத்தி. டிராமின் அடியிலிருந்து இறங்கிய கருவி அதைத் தொட்டபடியே நகர்ந்தது. அடைமழையில் குழிக்குள் வெள்ளம் புகவே, மேல்நிலைக் கம்பிக்கு மாற வேண்டியதாயிற்று.

பெயருக்குள் ஓர் ஆண்டு
டிராம் சேவை கைமாறியது. பின்னர் வந்த நிறுவனத்தின் முழுப் பெயர் ‘மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட்’. அடைப்புக்குறிக்குள் இருப்பது புதிய கம்பெனியைக் குறிக்கும் ஆண்டு. டிராம் ஓடத் தொடங்கிய ஆண்டு அல்ல. பெயர் ஒத்திருந்தாலும், ‘மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன்’ நகருக்கு மின்சாரம் வழங்கிய வேறு நிறுவனம்; அதை 1947-இல் அரசு ஏற்றது. டிராம் கம்பெனி நட்டத்தில் மூழ்கியதால், 1953 ஏப்ரலில் சேவை நின்றது.

உங்கள் வீட்டில் பழைய டிராம் படமோ கம்பெனிக் காகிதமோ இருந்தால் தூக்கி எறியாதீர்கள். படத்தில் மேலே கம்பி ஓடுகிறதா, காகிதத்தில் 1904 இருக்கிறதா என்று பாருங்கள். காலத்தைக் கணிக்க அவை பெரிதும் உதவும்.