முதல் ஏர்கன் வாங்கும் முன்

நம் மாவட்டத்து வணிகர்கள் சிலர் அண்மையில் நம்மிடம் கேட்கும் கேள்வி இது: "ஏர்கன் ஒன்று வாங்கலாமா? லைசென்ஸ் வேண்டுமா? எதை வாங்குவது?" பையனின் குறிபார்க்கும் பயிற்சிக்கு என்பார் ஒருவர். குடோன் எலிக்கு என்பார் இன்னொருவர். பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குக் குரங்குத் தொல்லை. மூன்று தேவைக்கும் ஒரே பதில் கிடையாது. எனவே விவரமாகவே எழுதுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் அளவு 0.177 அங்குலத்துக்கு (4.5 மில்லி மீட்டர்) மேற்படாமலும், குண்டு வெளிப்படும் விசை 20 ஜூலுக்கு மேற்படாமலும் உள்ள ஏர்கன்னை வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் லைசென்ஸ் வேண்டும். 0.22 அங்குலக் குழல் உள்ளதை "இதுவும் ஏர்கன்தான்" என்று யாராவது விற்க வந்தால் கையால் தொடவும் வேண்டாம். மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி வேறு சங்கதி. லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருந்தால் ஆயுதச் சட்டப்படி குற்றம்.

விசைக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். குண்டின் எடையைக் கிலோவில் எடுத்து, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, இரண்டையும் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். அரை கிராம் குண்டு விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் 10 ஜூல். 283 மீட்டர் என்றால் 20 ஜூல். பெட்டியின் மேல் விநாடிக்கு 1000 அடி என்று அச்சிட்டிருந்தால் அது சுமார் 305 மீட்டர். அரை கிராம் குண்டுக்கு 23 ஜூல் வந்துவிடும். அந்த அச்சு உண்மையானால் லைசென்ஸ் வேண்டும், பொய்யானால் சரக்கே சந்தேகத்துக்குரியது. அதிக வேகம் நல்ல சரக்கின் அடையாளம் ஆகாது.

எந்த வகை?

முதல்முறை வாங்குபவருக்கு ஸ்பிரிங் வகையே ஏற்றது. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும், குண்டு போட்டு நிமிர்த்தினால் தயார். காற்று நிரப்பப் பம்போ சிலிண்டரோ தேவையில்லை. பி.சி.பி. என்ற அடைத்த காற்று வகையில் அதிர்வு குறைவு, குறி நன்றாக அமையும். ஆனால் விலையும் பராமரிப்புச் செலவும் கூடுதல். பையன் போட்டிக்குப் போவதாக இருந்தால் முதலில் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்த்துவிட்டுப் பயிற்சியாளர் சொல்வதை வாங்குங்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984-லிருந்து ஒலிம்பிக் பந்தயம். அதில்தான் 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இந்தப் பிரிவுக்காரரே. அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லி மீட்டர்தான்!

கடையில் பார்க்க வேண்டியவை

குழலின் உள்ளே திருகு வரிகள் இருக்க வேண்டும். அவை குண்டைச் சுழற்றிவிடுவதால்தான் குறி தவறாமல் போகிறது. மடக்கு மூட்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. சுடுபவர் தம் கையாலேயே மடக்கிப் பார்க்கட்டும், எடையும் அவருக்குத் தாங்க வேண்டும். ஸ்பிரிங், சீல் முதலிய உதிரி பாகங்கள் கிடைக்குமா என்று கேளுங்கள். துப்பாக்கியின் எண் எழுதிய பில் கட்டாயம். அடையாளச் சான்று கேட்டால் தயங்காமல் கொடுங்கள். பில் இல்லாத சரக்கு நம் கடையிலும் தொல்லை, இதிலும் தொல்லை.

வாங்கிய பின்

குண்டு போடாமல் வெறுமனே சுட்டால் உள்ளே பிஸ்டன் கெடும். மடக்கும்போது குழலைக் கைவிட்டால் விரல் நசுங்கும். இறுக்கிய நிலையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. வலுவான ஏர்கன் குண்டு முந்நூறு மீட்டர் வரைகூடப் போகும், அருகில் பட்டால் கண் போய்விடும். எனவே இலக்கின் பின்னே மணல் மூட்டை அடுக்குங்கள். பீரோவில் பூட்டி வையுங்கள், குண்டு டப்பா வேறிடத்தில் இருக்கட்டும். குண்டு ஈயம், தொட்ட பின் கை கழுவ வேண்டும்.

எலிக்கும் குரங்குக்கும்?

இங்குதான் நாம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடோனில் சுடக் கூடாது. சிமெண்டுத் தரையிலும் இரும்பு ஷட்டரிலும் பட்ட குண்டு திரும்பி வரும். பருப்பு மூட்டைக்குள் புகுந்த ஈயக் குண்டு யார் வீட்டு அடுப்புக்குப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். மூட்டைகளைப் பலகை மேல், சுவரை விட்டு ஓரடி தள்ளி அடுக்குவதும், கதவின் அடியில் தகடு அடிப்பதும், பொறி வைப்பதும் எலிக்குப் போதும்.

குரங்கு, மயில், முயல் எதையும் சுட நினைக்காதீர்கள். மயில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. தெருநாயைக் கொன்றாலும் ஊனமாக்கினாலும் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை தண்டனை உண்டு. நம் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள காடுகள் 2022-ல் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுள்ளன. அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம், லைசென்ஸ் வேண்டாத ஏர்கன் என்பது அங்கே எடுபடாது. அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் தொடங்கிய இயக்கத்தில் மக்கள் தாமாகவே ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஏர்கன்களை ஒப்படைத்தார்கள். காட்டில் பறவையின் குரல் குறைந்ததே காரணம். குரங்குத் தொல்லைக்குக் கடை முகப்பில் வலை கட்டுங்கள், தின்பண்டம் போடாதீர்கள், வனத்துறைக்கு எழுதிக் கொடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், இலக்கு அட்டையைச் சுட ஏர்கன் வாங்கலாம். உயிரைச் சுட என்றால் வாங்க வேண்டாம். எதற்கு என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதன் பிறகு விலை கேளுங்கள்.